துணைவலியும் தன்முயற்சியும்

மனிதன் தன் உடல் வலிமை ஒன்றையே நம்பி வாழ்ந்த காலம் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. கல்லைக் கையில் எடுத்த நாள் முதலாகவே அவன் துணை தேடத் தொடங்கிவிட்டான். உழவனுக்கு ஏர் துணை. நீர் இறைப்பவனுக்கு ஏற்றம் துணை. கடலோடிக்குக் காற்றும் பாயும் துணை. இத்துணைகளையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் நாகரிகம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வதில் எஞ்சுவது மிகச் சிறிதே. ஆயினும் ஒவ்வொரு புதிய கருவி தோன்றும்போதும் பழைய வினா ஒன்று மீண்டும் தலைதூக்குகிறது. துணைகொண்டு செய்த செயல் யாருடைய செயல்? அதன் பெருமை செய்தவனுக்கா, துணைக்கா?

இவ்வினாவை அண்மையில் என் முன் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு மிதிவண்டி. திருச்சானூரில் குடியிருந்து திருப்பதியிலுள்ள அலுவலகத்திற்கு நாள்தோறும் சென்று வரும் எழுத்தன் நான். வயது நாற்பதைக் கடந்துவிட்டது. முழங்கால் அதை அவ்வப்போது நினைவூட்டுகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் அலுவலகப் பயணத்திற்கும், ஞாயிறுதோறும் மலையடிவாரம்வரை போய் வருவதற்கும் பயன்படட்டும் என்று மின்விசையால் இயங்கும் மலைவழி மிதிவண்டி ஒன்றை வாங்கினேன். அதைக் கண்ட நண்பர் ஒருவர், “ஏன் சார், மேடு ஏறுவது மோட்டார், வியர்வையைத் துடைத்துக்கொள்வது மட்டும் நீங்களா? இது ஒருவகை ஏமாற்று அல்லவா?” என்று கேட்டார். அவர் நகைச்சுவையாகத்தான் கேட்டார். எனினும் கேள்வியில் உண்மையான அறச்சிக்கல் ஒன்று இருக்கிறது. அதனைச் சற்றே ஆராய்வோம்.

வண்டியின் இயல்பு

மின்மிதிவண்டி நேற்று முளைத்த புதுமை அன்று. சக்கரத்தின் நடுவே மோட்டாரைப் பொருத்திய மிதிவண்டிக்கு ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் 1895ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் கால் மிதிக்கும்போது மட்டுமே மோட்டாரும் கைகொடுக்கும் முறை பெருமளவில் விற்பனைக்கு வந்தது நெடுங்காலம் கழித்துத்தான். ஜப்பானின் யமஹா நிறுவனம் அவ்வகை மிதிவண்டியை 1993இல் அறிமுகம் செய்தது. மலைவழி மிதிவண்டியின் கதை வேறு. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமால்பைஸ் என்னும் மலையின் கரடுமுரடான பாதைகளில் பழைய தடித்த டயர் வண்டிகளை ஓட்டி மகிழ்ந்த இளைஞர்களிடமிருந்து அது பிறந்தது. பருத்த டயர், அதிர்ச்சி தாங்கும் முன்கவை, பல நிலைக் கியர் ஆகியவை அதன் அடையாளங்கள். இவ்விரண்டு மரபுகளும் ஒன்றாகிப் பிறந்த பிள்ளையே இன்றைய மின்மலை மிதிவண்டி.

நம் நாட்டு விதிகளின்படி, மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும் விரைவு மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் கீழ் அமைந்து, விதித்த பிற நிபந்தனைகளுக்கும் உட்பட்ட வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. இந்த 250 என்ற எண் சிந்திக்கத்தக்கது. தேர்ந்த விளையாட்டு வீரர் அல்லாத, உடல்நலமுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடிய ஆற்றல் ஏறக்குறைய 100 வாட். ஆகவே சட்டம் அனுமதிக்கும் அந்தச் சிறு மோட்டார் இரண்டு மூன்று மனிதர்களுக்குச் சமம். நண்பரின் ஐயத்தில் நியாயம் இல்லை என்று யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

முதற் பயணங்கள் கற்பித்தவை

புதிய வண்டியை அப்படியே எடுத்து ஓட்டிவிடலாம் என்பதில்லை. முதல் சில நாள்கள் அதனை நம் உடலுக்கும், நம் உடலை அதற்கும் பழக்கும் நாள்கள். சீட்டின் உயரத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். மிதி மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் துன்புறும். உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். டயரின் காற்றைத் தார்ச்சாலைக்குச் சற்றுக் கூட்டியும், கல்லும் மண்ணும் கலந்த வழிக்குச் சற்றுக் குறைத்தும் வைக்க வேண்டும். புதிய டிஸ்க் பிரேக் முதல் நாளிலேயே முழுப் பிடிப்பைத் தராது. ஆளில்லாத சாலையில் பலமுறை விரைவைக் கூட்டி, மெல்லப் பிடித்துப் பிடித்து அதனைப் பதப்படுத்த வேண்டும். மேடு வருமுன்பே எளிய கியருக்கு மாறிவிட வேண்டும். ஏற்றத்தின் நடுவே, காலும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும்போது கியரை மாற்றினால் செயினுக்குக் கேடு.

இவையெல்லாம் கைத்தொழில் நுணுக்கங்கள். ஆனால் துணையின் அளவை அமைப்பது வேறு வகையான காரியம். கைப்பிடி அருகே சிறு பொத்தான்கள் உள்ளன. அவற்றை அழுத்தி, ஒன்று முதல் ஐந்து வரை எந்த நிலையில் மோட்டார் உதவ வேண்டும் என்பதை நாமே முடிவு செய்கிறோம். முதல் நாள் யாருடைய விரலும் இயல்பாக ஐந்தாம் நிலைக்குத்தான் செல்லும். பத்மசரோவரத்தின் அருகிலிருந்து புறப்பட்டுத் திருப்பதி ஊருக்குள் நுழைவதற்குள், சிறுவயதில் தந்தையார் பின்னாலிருந்து தள்ளிவிட்டது போன்ற ஓர் உவகை. ஆயின் மூன்றாம் நாளில் அவ்வுவகை மங்கி, கால்கள் வெறுமனே சுழல்வது தெரியத் தொடங்குகிறது. விரல் தானாகவே மூன்றுக்கும் இரண்டுக்கும் இறங்குகிறது. சீனிவாச மங்காபுரத்தைக் கடந்து ஸ்ரீவாரி மெட்டு அடிவாரத்தை நோக்கிச் சென்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் நிலையிலேயே வண்டியை வைத்துப் போய்ச் சேர்ந்தேன். மூச்சு வாங்கியது, முழங்கால் வலிக்கவில்லை. எனக்குத் தேவையான துணை எவ்வளவு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இவ்விடத்தில் கருவியின் உள்ளமைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மோட்டாருக்கு ஆணையிடும் உணர்கருவிகள் இருவகை. ஒருவகை, மிதி சுழல்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும். நாம் அழுத்தி மிதித்தாலும், காலைச் சும்மா சுழற்றினாலும் அது ஒரே அளவு விசையைத் தரும். மற்றொரு வகை, மிதியின் அச்சில் நம் கால் கொடுக்கும் அழுத்தத்தையே அளக்கும். நாம் சிறிது கொடுத்தால் அதற்கேற்பச் சிறிது சேர்க்கும். நிறையக் கொடுத்தால் நிறையச் சேர்க்கும். நாம் நிறுத்தினால் அதுவும் நிறுத்திவிடும். முன்னது முயற்சிக்குப் பதிலாக வரும் துணை. பின்னது முயற்சிக்கு விடையாக வரும் துணை. மாணவனுக்காகத் தேர்வை எழுதித் தருபவருக்கும், மாணவன் எழுதும்போது திருத்தித் தரும் ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடே இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு. இரண்டையும் உதவி என்ற ஒரே சொல்லால் குறிப்பதால்தான் சிந்தனையில் குழப்பம் பிறக்கிறது.

அனந்தாழ்வான் கடப்பாரை

துணையை மறுப்பவரின் பக்கத்தையும் அதற்குரிய பெருமையோடு எடுத்துரைப்பதே முறை. அதற்கு வெளியூர் செல்ல வேண்டியதில்லை. திருமலைக் கோயிலின் பெருவாயிலில் ஒரு கடப்பாரை வைக்கப்பட்டிருப்பதை வழிபடச் செல்லும் அன்பர்கள் கண்டிருப்பர். அது இராமானுசரின் சீடரான அனந்தாழ்வானுடையது என்பது மரபு. ஆசாரியனின் விருப்பத்தை ஏற்றுத் திருமலையில் நந்தவனம் அமைக்க வந்தவர் அவர். செடிகளுக்கு நீர் வேண்டுமென்று ஏரி ஒன்றைத் தாமே தோண்டத் தொடங்கினார். அவர் வெட்டிய மண்ணைக் கருவுற்றிருந்த அவர் மனைவி கூடையில் சுமந்து சென்று கொட்டினார். சிறுவன் ஒருவன் வந்து தானும் உதவுவதாகச் சொல்ல, அனந்தாழ்வான் மறுத்துவிட்டார். குருவின் பணி தமக்கே உரியது. அதில் பங்கு கொடுக்க அவருக்கு மனமில்லை. சிறுவனோ அவர் பார்வைக்கு எட்டாத இடத்தில் அவ்வம்மையாரின் கூடையை வாங்கிச் சுமந்தான். மனைவி விரைந்து விரைந்து திரும்புவதைக் கண்டு ஐயுற்ற அனந்தாழ்வான், நடந்ததை அறிந்து சினந்து கடப்பாரையை வீசினார். அது சிறுவனின் மோவாயில் பட்டது. பின்னர்க் கோயிலில் பெருமானின் மோவாயில் குருதி வழியக் கண்டு, உதவ வந்தவன் யார் என்பதை உணர்ந்தார். பெருமானின் மோவாயில் பச்சைக் கருப்பூரம் சாத்தும் வழக்கத்திற்கு இதுவே காரணம் என்பர்.

இக்கதையைத் தொண்டின் உறுதிக்குச் சான்றாகவே பெரியோர் எடுத்துரைப்பர். அவ்வுறுதியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. தான் செய்ய வேண்டியதைத் தானே செய்து முடிக்க வேண்டும் என்னும் வைராக்கியம் இல்லாவிட்டால் உலகில் எந்த ஏரியும் வெட்டப்பட்டிராது. ஆனால் கதையைக் கூர்ந்து நோக்கினால் வேறொரு செய்தியும் புலப்படும். சிறுவன் வாங்கிச் சுமந்தது அனந்தாழ்வானின் கடப்பாரையை அன்று. கருவுற்றிருந்த பெண்ணின் மண்கூடையைத்தான். துணை வேண்டாம் என்று சொன்னவர் வேறு. துணை வேண்டியிருந்தவர் வேறு. தன் பொருட்டுத் துணையை மறுப்பது தவம். பிறர் பொருட்டுத் தான் மறுப்பது தவமாகாது. பெருமான் அவ்வம்மையாரின் பக்கத்தில் போய் நின்றார் என்பதே அடியேனுக்கு இக்கதையின் உயிராகத் தோன்றுகிறது.

இந்த வேறுபாட்டை நாம் எத்தனை எளிதில் மறந்துவிடுகிறோம்! வலிய காலுடையவன் மின்மிதிவண்டியை ஏமாற்று என்கிறான். நல்ல கண்ணுடையவன் மூக்குக்கண்ணாடியை ஏமாற்று என்று சொல்வதில்லை. ஏனெனில் தனக்கும் ஒருநாள் அது வேண்டியிருக்கும் என்பதை அவன் அறிவான். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மிதிவண்டியைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒருநாள் மாலை என் வண்டியை வாங்கிக்கொண்டு போனவர், அரைமணி நேரம் கழித்துத்தான் திரும்பினார். “தம்பி, மேட்டில் இறங்கித் தள்ளாமல் வந்தேன்” என்றார். அவர் குரலில் இருந்த நிறைவைக் கேட்டபின், அந்த ஏற்றம் அவருடையதா மோட்டாருடையதா என்று கணக்குப் பார்க்கும் துணிவு யாருக்கு வரும்?

சாதாரண மிதிவண்டியே ஒரு காலத்தில் இவ்வாறு பலருக்கு மறுக்கப்பட்ட துணையாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான ஊர்ப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டனர். பெண்கள் மிதிவண்டி ஓட்டுவதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தனர். ஆனால் தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் தலையில் சுமந்து நடந்தவர்களுக்கு அது ஒரு விடுதலை. சுமை இறங்கியதால் அவர்கள் முயற்சி குறைந்தவர்கள் ஆகிவிடவில்லை.

மறைத்த துணையும் அறிவித்த துணையும்

விளையாட்டு உலகத்திலிருந்து இரண்டு சான்றுகளைக் காட்டுதல் பயன் தரும். பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயம் 1903இல் தொடங்கியது. ஓடிக்கொண்டே கியர் மாற்றும் அமைப்பு வீரனின் உரத்தைக் கெடுக்கும் என்று கருதிய அதன் நிறுவனர் ஆன்றி தெக்ராஞ்சு அதனை நெடுங்காலம் ஏற்கவில்லை. மலையடிவாரத்தில் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, மறுபக்கப் பற்சக்கரத்தால் மலை ஏறினர். 1937இல்தான் கியர் மாற்றி அப்பந்தயத்தில் அனுமதி பெற்றது. இன்று கியர் உள்ள வண்டியை ஓட்டுபவனை யாரேனும் ஏமாற்றுக்காரன் என்பரா? நேற்றைய ஏமாற்று இன்றைய இயல்பாகிவிட்டது.

அப்படியானால் ஏமாற்று என்பதே இல்லையா? உண்டு. 2016இல் பெல்ஜியத்தில் நடந்த உலகப் போட்டி ஒன்றில், ஒரு போட்டியாளருக்கென வைத்திருந்த மிதிவண்டியின் சட்டத்துக்குள் மோட்டார் மறைத்து வைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஆறாண்டுத் தடை விதிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகள் கழித்து, 2019இல், கனடாவில் நடந்த உலக மலைவழி மிதிவண்டிப் போட்டிகளில் மின்மிதிவண்டிக்கென்றே தனிப் பட்டம் வழங்கத் தொடங்கினர். ஓரிடத்தில் இழிவைத் தந்த மோட்டார் மற்றோரிடத்தில் பட்டத்திற்கு உரியதாயிற்று. துணையை மறைத்துவிட்டு, துணையில்லாதவனோடு ஒப்பிட்டுக்கொண்டதே குற்றம். எங்கள் அலுவலகக் கோப்புகளிலும் இதுவே நியதி. குறிப்பை எழுதியவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர், ஒப்பமிட்டவர் ஒருவர். பலர் கை பட்டதால் கோப்பு இழிந்துபோவதில்லை. ஒருவர் எழுதியதை மற்றொருவர் தமதென்று சொல்லும்போதுதான் இழிகிறது.

துணை எங்கிருந்து வருகிறது?

இன்னொரு வினாவும் எஞ்சி நிற்கிறது. நமக்கு இலேசாகும் சுமை யார் தோளில் ஏறுகிறது? திருமலைக்கு முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது 1944இல். இரண்டாம் சாலை வந்தது 1974இல். அதற்கு முற்பட்ட காலத்தில் நடக்கவியலாதவர்கள் டோலியில் ஏறினார்கள். அவர்களை மனிதர்கள் சுமந்தார்கள். அமர்ந்தவரின் பயணத்திற்காகச் சுமந்தவரின் மூச்சு இரைத்தது. இன்று 2022 முதல் மின்பேருந்துகளும் மலையேறுகின்றன.

சிறு கணக்கொன்றைப் பார்ப்போம். வண்டியும் ஆளுமாக 100 கிலோ எடையை 100 மீட்டர் உயரத்திற்கு ஏற்றுவதற்கு, உராய்வை நீக்கிப் பார்த்தால், ஏறத்தாழ 27 வாட்-மணி ஆற்றல் போதும். தனித்து மிதிப்பவனுக்குக் கால்மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட உழைப்பு அது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரி முழுவதும் நிறைந்தால் 360 வாட்-மணி. மின்கட்டணச் சீட்டில் அரை யூனிட்டும் ஆகாது. ஆனால் ஒரு யூனிட் மின்சாரம் என்பது நலமுள்ள ஒருவனின் பத்து மணி நேரக் கடும் உழைப்புக்கு ஈடு என்பதை எண்ணினால், நாம் எவ்வளவு பெரிய துணையை எவ்வளவு மலிவாகப் பெறுகிறோம் என்பது விளங்கும். நம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. சுரங்கத்தில் உழைப்பவரும் அனல்நிலையப் புகையைச் சுவாசிப்பவரும் நம் ஏற்றத்தில் பங்காளிகளே. டோலியோடு ஒப்பிட்டால் அவர்கள் மேல் விழும் சுமை மிகச் சிறிது. ஆயினும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேண்டாத இடத்தில் ஐந்தாம் நிலையை அழுத்தாமல் இருப்பது அவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை.

நடந்து மலையேறுபவரும் துணையற்றவர் அல்லர். அலிபிரி வழியில் ஏறத்தாழ 3,550 படிகள் உண்டு. அவற்றைச் செதுக்கியவர் யார் யாரோ. வழிநெடுக நிழற்கூரை உண்டு, குடிநீர் உண்டு, மூட்டையை அடிவாரத்தில் ஒப்படைத்தால் அது மேலே வந்து சேரும் ஏற்பாடும் உண்டு. படியேறியவரின் பக்தி இதனால் குறைந்துவிடுகிறதா? இல்லை. முழுக்க முழுக்கத் தன்னுடையது என்று சொல்லத்தக்க முயற்சி மண்ணுலகில் இல்லை என்பதை அப்படிகள் சொல்லாமல் சொல்கின்றன.

அளவறிதலே அறம்

வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். செயலின் வலிமை, தன் வலிமை, எதிர்ப்பவனின் வலிமை ஆகியவற்றோடு துணையாவோரின் வலிமையையும் சேர்த்தே எடைபோடச் சொன்னார் அவர். துணையை வேண்டாமென்று தள்ளச் சொல்லவில்லை. அதனையே நம்பி மயங்கவும் சொல்லவில்லை. அரசனுக்குச் சொன்ன அவ்வறம் மிதிவண்டி ஓட்டும் எளியவனுக்கும் பொருந்துகிறது. மின்மலை மிதிவண்டியின் எடை பொதுவாக 20 கிலோவுக்கு மேல். பாட்டரி தீர்ந்துவிட்டால் அது சாதாரண மிதிவண்டியைவிடக் கடினமான சுமை. போகும்போது துணை தந்த வலிமையைத் தன் வலிமை என்று எண்ணித் தொலைவு சென்றவன், திரும்பும்போது தன் உண்மையான அளவை வழியெல்லாம் மூச்சிரைக்கக் கற்றுக்கொள்வான். மரக்கிளையின் நுனிக்குப் போனபின்னும் மேலே ஏற முயல்பவனைப் பற்றி வள்ளுவர் அதே அதிகாரத்தில் எச்சரித்திருப்பது நினைக்கத்தக்கது. பாட்டரியின் பாதி அளவு கழியுமுன்பே வண்டியைத் திருப்புவதும் ஒருவகையில் தன்னையறிதலே.

ஆகவே நண்பரின் வினாவுக்கு விடை ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் அடங்காது. துணையை நாடுகிறவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. இத்துணை என் முயற்சியை வளர்க்கிறதா, அல்லது அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா? இதனைப் பெற்றதை நான் வெளிப்படையாகச் சொல்லுகிறேனா? இதன் சுமை யார் மேல் விழுகிறது? இவற்றுக்கு நேர்மையாக விடை சொல்ல முடிந்தவன் நாணத் தேவையில்லை. துணையை மறுக்கிறவனும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் மறுப்பது எனக்காகவா, அல்லது மண்கூடையைச் சுமந்து நிற்கும் வேறொருவர் பொருட்டு நானே முடிவு செய்கிறேனா?

முயற்சியே மனிதனுக்கு அழகு, அதில் ஐயமில்லை. ஆனால் துணையைப் பணிவோடு ஏற்பதும், அளவோடு பயன்படுத்துவதும், பிறருக்கு அது கிடைக்கும்போது மனமுவந்து வாழ்த்துவதும் முயற்சியின் பகுதிகளே. வலிமை உள்ள நாளில் இதனை உணர்ந்தவனுக்கு வலிமை குன்றும் நாளில் வருத்தம் இராது.